கண்ணை மூடினாலும் நிற்காத சுற்று

முதல் நாள் நான் சத்தி எடுத்தது மனைவியின் கையில். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

விடியப் படுக்கையில் வலப்பக்கம் திரும்பினேன். கூரைத் தகரம் சுற்றத் தொடங்கியது. கண்ணை இறுக்கி மூடினேன். தகரம் போய்விட்டது, சுற்று போகவில்லை. இருட்டுக்குள் பாயோடு சேர்ந்து நான் சுழன்றுகொண்டிருந்தேன். கையை நீட்டிப் பாயின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அது கிடந்த இடத்தில்தான் கிடந்தது. கை சொன்னதை உடம்பு நம்பவில்லை. என்ன என்று கேட்டுக்கொண்டு மனைவி குனிந்தாள். அவள் நீட்டிய கையில் இரவு தின்ற புட்டும் கத்தரிக்காயும் வந்து விழுந்தன.

அவள் கிணற்றடியில் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். உடம்புக்கு வருத்தமா என்று கேட்கவில்லை. முகத்துக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"ஊதுங்கோ பாப்பம்."

"என்னத்தை?"

"வாயை ஊதுங்கோ எண்டுறன்."

ஊதினேன். புளித்த புட்டு மணத்தைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது.

"ஒண்டும் மணக்கேல்லை," என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உடனே அடுத்ததைச் சொன்னாள். "இப்ப மணக்காத சாமானும் வருதாமே."

நான் குடித்தவன். அதை மறைத்து எழுதினால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும். பதினொரு வருடம் குடித்தேன். கசிப்பு, கள்ளு, கிடைத்தது எல்லாம். வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்திருக்கிறேன். வீட்டுக் கதவை நானே உடைத்துவிட்டுக் கள்ளன் உடைத்தான் என்று சொல்லியிருக்கிறேன். விட்டு நாலு வருடம். அந்த நாலு வருடம் எனக்குத்தான் நாலு வருடம். எங்கள் ஊரான துணுக்காயில் மற்றவர்களுக்கு அது நான் இன்னும் பிடிபடாத காலம், அவ்வளவுதான்.

என் தொழில் வெட்டு மெசின் ஓட்டுவது. நெல்லை அறுத்து, அடித்து, சாக்கில் கொட்டுகிற பெரிய மெசின். மெசின் என்னுடையது அல்ல. முதலாளி ஒருவருடையது. அறுபது வயது, நல்ல வயல்காரர், எங்கள் அம்மன் கோயில் நிர்வாகத்தின் தலைவரும் அவர்தான். நான் குடியை விட்ட பிறகு மெசினின் திறப்பை, அதன் சாவியை, என் கையில் தந்தவர். திறப்பு என்னிடம் இருந்த நாள் முதல் வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையை மனைவி மேசையில் வைப்பாள். அதற்கு முதல் தரையில் தள்ளிவிடுவாள்.

இந்த வேலையில் கண் அரைவாசிதான் உதவும். காய்ந்த வயலில் வெட்டும்போது தூசும் சுணையும் கிளம்பி முகத்தை மூடும். வரம்பு முனையில் திரும்பும் நேரம் காற்று எதிராக அடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. திறந்தால் சுணை ஏறி நாள் முழுக்கக் கண் எரியும். நான் மூடிக்கொண்டு திருப்புவேன். கால்வாசி திரும்பிவிட்டது, இப்போது அரைவாசி, இனி நேரே போகலாம் என்று உள்ளுக்குள் தெரியும். கண்ணைத் திறந்தால் வெட்டாத பயிருக்கு நேரே நிற்பேன். சாக்குப் பிடிக்கிறவர்கள் பார்த்துவிட்டு, "முதுகில கண்ணோ?" என்று கேட்பார்கள். எனக்கும் பெருமைதான். யார் அதைச் சொல்லித் தருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பசி தெரிகிற மாதிரி அதுவும் தெரிந்தது.

அந்த ஆடி மாதம் அது பொய் சொல்லத் தொடங்கியது.

சிறுபோக வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. முதலாளி வீட்டு வளவில் மெசினைக் கழுவி, கிறீஸ் அடித்து ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். வயல்காரர் நாலைந்து பேர் தங்கள் முறையைக் கேட்க வந்து நின்றார்கள். மெசினின் ஏணியில் நின்று, நெல் கொட்டும் குழாயைப் பார்க்கத் தலையை மேலே நிமிர்த்தினேன். வானம் வலப்பக்கமாகக் கவிழ்ந்தது. விழாமல் இருக்க இடப்பக்கம் பாய்ந்தேன். கவிழ்ந்தது வானமில்லை. அதனால் நான்தான் விழுந்தேன், மெசினைக் கழுவிய சேற்றுக்குள், முகம் குப்புற. எழும்பினேன், மறுபடி விழுந்தேன். மூன்றாம் முறை எழும்பும்போது சத்தி வந்தது.

சிரித்தார்கள்.

"விடியக் காலமையே நல்ல ஏத்தம்," என்றார் ஒருவர்.

"பழைய ஆள் திரும்பி வந்திட்டார்," என்றார் இன்னொருவர்.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் ஏணியில் ஏறி, திறப்பை உருவி, மடியில் செருகிக்கொண்டார்.

"அண்ணை, நான் குடிக்கேல்லை."

"தெளிஞ்ச பிறகு வந்து கதை."

"சத்தியமா அண்ணை. தலை சுத்துது. கண்ணை மூடினாலும் சுத்துது."

"குடிச்சால் அப்பிடித்தான் சுத்தும். உனக்குத் தெரியாததே?"

தெரியும். குடிவெறியில் படுத்துக் கண்ணை மூடினால் கட்டில் சுற்றுகிற சுற்றும் இதுவும் ஒரே சுற்றுத்தான். நானே அவர் இடத்தில் நின்றிருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் வேலிக் கதியாலைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். சேறும் சத்தியும் வெயிலில் காய்ந்து உடுத்திருந்த சாரத்தில் அட்டையாக ஒட்டியிருந்தன. என் மணம் எனக்கே அரியண்டமாக இருந்தது. பதினொரு வருடம் நான் இந்த மணத்தோடுதான் அந்த வீட்டுக்குள் போனேன் என்பது அப்போதுதான் மூக்கில் ஏறியது.

மனைவி முதலாளியிடம் போனாள். எனக்குச் சொல்லாமல் போனாள். திரும்பி வந்து ஒரு முடிவைச் சொன்னாள். அம்மன் திருவிழாவில் நான் பிரதட்டை உருள வேண்டும். ஊர் முன்னால் உருண்டால் குடியை விட்டது உண்மை என்று அம்மனுக்கும் ஊருக்கும் தெரிந்துவிடும். முதலாளி திறப்பைத் தருவார்.

"எனக்குச் சுத்துறது தலை," என்றேன். "சுத்துற தலையை வீதியில போட்டு உருட்டினா என்னடி நடக்கும்?"

"அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

"அம்மாள் பாப்பா. ஆர் கழுவுறது?"

"நான்தான் கழுவுவன். இவ்வளவு நாளும் ஆர் கழுவினது?"

நான் சம்மதித்தேன். பக்தியில் சம்மதிக்கவில்லை. வெட்டுத் தொடங்கும்போது அந்தத் திறப்பு என் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொருவன் ஏறி உட்காருவான், அதன் பிறகு அந்த இருக்கை எனக்கில்லை.

திருவிழா நாள் காலை கேணியில் முழுகி, ஈர வேட்டியோடு வீதியில் படுத்தேன். பிரதட்டை கோயிலைச் சுற்றி உடம்பால் உருண்டு வருவது. சாமி முன்னால் போகும், பின்னால் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக உருளுவார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி ஒரு தேங்காயைப் பிடித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வதுதான் வழக்கம். மண் விழும். அதனால் யார் எங்கே போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கோணலாகப் போனால் காலடியில் நடந்து வருகிறவர் காலைப் பிடித்து நேராக்குவார். எனக்குக் காலடியில் வந்தது மனைவியின் தம்பி.

அந்த வீதி மண்ணைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. நான் முகத்தால் அறிந்தவன், சொல்லுகிறேன். வெற்றிலைத் துப்பல், நசிந்த பூ, மாட்டுச் சாணி, ஐஸ்கிறீம் தடி, யாரோ எறிந்த வாழைப்பழத் தோல். வெயிலுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். அது எல்லாவற்றையும் ஒரு களியாக்கிவிடும். முன்னால் உருளுகிறவரின் வியர்வையும் அதில்தான். அந்தக் களி என் உதட்டில் பட்டது.

முதல் பத்துப் பன்னிரண்டு உருளலில் தலை கழன்று வேறாகப் போய்விட்டது. உடம்பு ஒருபக்கம் உருண்டது, தலைக்குள் இருந்த சுற்று தன் பாட்டுக்கு வேறு பக்கம் போனது. ஆனாலும் விடாமல் உருண்டேன். கொஞ்சம் போகப்போக ஒரு வேடிக்கை நடந்தது. உருளுவதே தெரியாமல் போனது. முதுகில் மண் குத்துகிறது, பிறகு நெஞ்சில் குத்துகிறது, ஆனால் நான் அசையாமல் கிடப்பதுபோல இருந்தது. சரி, அம்மாள் பார்த்துவிட்டா என்று நானும் ஒரு கணம் நினைத்தேன்.

பின்வீதி மூலையில் சாமி நின்றது. எல்லாரும் நின்றோம். அந்த இடத்தில்தான் எல்லாம் பிழையாகப் போனது.

நான் நின்றுவிட்டேன். ஆனால் உடம்பு சொன்னது, நீ பின்னோக்கி உருளுகிறாய் என்று. ஐயமே இல்லாமல் சொன்னது. வரம்பு முனையில் சொல்லுகிற அதே குரல். நான் அதைத்தானே இத்தனை வருடமும் நம்பி மெசின் ஓட்டினேன். பின்னால் போகிறேன், பின்னால் கிடக்கிறவரில் மோதப்போகிறேன் என்று பயந்து, அதைத் திருத்த முன்னோக்கி உருண்டேன். எனக்கு அது முன். உண்மையில் எது முன், எது பின் என்று கண்டறிய வழியில்லை. பின்னால் கிடந்தவரின் நெற்றியில் என் தேங்காய் போய் அடித்தது. தேங்காய் உடைந்தது. மச்சான் என் காலைப் பிடித்தான். பயத்தில் அவனை உதைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே உருண்டேன். கண்ணைத் திறந்தபோது செருப்புக் குவியலுக்குள் கிடந்தேன். அங்கேயே சத்தி எடுத்தேன். குறைந்தது ஆறு சோடி செருப்பு.

"அம்மாள் வெளியேத்திறா," என்று ஒரு பெண் கும்பிட்டா. "உள்ளுக்க இருந்ததெல்லாம் வருது."

"ஓம், போத்தலோட வருது," என்றார் யாரோ.

முதலாளி சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "கோயிலுக்கும் குடிச்சுப்போட்டே வந்தனி?"

பதில் சொன்னது என் தேங்காயால் அடிபட்டவர். நெற்றியில் இரத்தம் வழிய எழும்பி வந்தார். மெசினுக்குச் சாக்குப் பிடிக்க வருகிறவர்களில் ஒருவர், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியிருந்த குடும்பம்.

"ஐயா, இவரு குடிக்கலைங்க," என்றார். "மொகத்துக்கு நேரா கெடந்தேன். வாசமே இல்ல. இது காது. எங்க வீட்ல அவளுக்கும் இப்பிடித்தான் வந்துச்சு. பெரியாஸ்பத்திரி காது கிளினிக்ல பாத்து விட்டாங்க."

"தோட்டக்காட்டாருக்கு வைத்தியமும் தெரியுமோ," என்றார் முதலாளி. "நீ முதல் உன்ர மண்டையைக் கட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஈர வேட்டி நுனியால் நெற்றியை அமத்திக்கொண்டு நின்றார். முதலாளி மேல் எனக்கு அருவருப்பு வந்தது. ஆனால் நான் யோக்கியன் இல்லை. தோட்டக்காட்டார் என்ற அந்த இளக்காரச் சொல்லை நானும் பாவித்திருக்கிறேன், இந்தச் சாக்குக்காரரின் முகத்துக்கு முன்னாலேயே, சாக்கைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று.

அவர் சொன்ன காது கிளினிக்குக்கு, அடுத்த கிழமை கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். பஸ் வளைவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பையை வாய்க்கருகில் பிடித்திருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரி எழும்பிப் போய் நின்றுகொண்டாள். மனைவி பையை மாற்றி மாற்றித் தந்தாள்.

டொக்டர் இளம் பெண். முதல் கேள்வியே, "குடிக்கிறனீங்களோ?"

"முதல் குடிச்சனான். இப்ப நாலு வருசமாக இல்லை."

"சரி," என்று எழுதினா. அவ்வளவுதான். ஊதச் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய விசயமாக இருந்தது.

என்னைக் கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தா. சுற்று வந்தது. கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். அவா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தா. கண்மணி தானாகத் துடித்ததாம். வெறி என்றால் இப்படி இராது என்று மனைவிக்கும் கேட்கும்படி சொன்னா.

மேசையில் அவாவின் பிளேன் டீ ஆறிக் கிடந்தது. மேலே இரண்டு மூன்று தேயிலைத் தூள் மிதந்தது. கோப்பையைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினா.

"பாருங்கோ. கோப்பை திரும்புது, தூள் நிண்ட இடத்தில நிக்குது. காதுக்குள்ள வளையம் வளையமா மூண்டு குழாய் இருக்கு. அதுக்குள்ளயும் தண்ணி மாதிரி ஒண்டு. தலை திரும்பேக்க அது பிந்தும். அந்தப் பிந்தலாலதான் கண்ணை மூடினாலும் நாங்கள் திரும்பினது எங்களுக்குத் தெரியுது."

கோப்பையைத் தொடர்ந்து சுழற்றினா. தூளும் சேர்ந்து சுற்றியது.

"இப்ப ரெண்டும் ஒண்டா ஓடுது. இப்ப உங்களுக்குத் திரும்புறதே தெரியாது."

கோப்பையை நிறுத்தினா. தூள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது.

பின்வீதி மூலையில் எனக்கு நடந்தது அதுதான். அந்தக் கோப்பைக்குள் நான் கிடந்தேன்.

"இது எல்லாருக்கும் உள்ளது," என்றா. "உங்களுக்கு அதுக்கு மேலால, காதுக்குள்ள இருக்கிற சின்னக் கல்லு கழண்டு, குழாய்க்குள்ள விழுந்திட்டுது. தலையைச் சரிக்க அது உருளும். தண்ணியைத் தள்ளும். நீங்கள் சுத்தாமலே சுத்துறியள்."

"நான் கோயில்ல உருண்டனான்," என்றேன்.

அவா சிரிப்பை அடக்கினது தெரிந்தது. "கண்ட மாதிரி உருண்டா கல்லும் கண்ட மாதிரித்தான் போகும். ஒழுங்கா உருட்டினா வந்த வழியால போயிடும்."

பிறகு என் தலையைப் பிடித்து வலம், இடம் என்று ஒவ்வொரு பக்கமாக வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் பொறுத்து, உடம்பையும் பக்கவாட்டில் உருட்டி, கடைசியில் எழுப்பி இருத்தினா. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒருமுறை ஆழமான கிடங்குக்குள் விழுகிற மாதிரி இருந்தது. பிறகு நின்றது. மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாக எல்லாம் அசையாமல் நின்றது. சுவரைப் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி சொன்னாள். "அப்ப அங்கயும் உருட்டித்தானே விட்டவை."

"அது வேற உருட்டல்."

"உருட்டல் உருட்டல்தானே. அம்மாள் தொடங்கி வைச்சவா, டொக்டர் முடிச்சு வைச்சவா."

அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நான் சுகமாகிவிட்டேன் என்பது ஊரில் பரவியது. எப்படிச் சுகமானேன் என்பது அவள் சொன்ன மாதிரிப் பரவியது, அதிலும் டொக்டர் பாதி வழியில் விழுந்துபோனா.

வெட்டுத் தொடங்கிய காலை முதலாளி வயலடியில் நின்றார். என்னைக் கண்டதும் மடியிலிருந்து திறப்பை எடுத்தார்.

"நட பாப்பம்."

வரம்பில் நடந்தேன். விழவில்லை.

"பாத்தியே," என்றார். "அம்மாள் உன்னைக் கழுவி விட்டிருக்கிறா. இனிக் குடியைத் தொட்டியெண்டா அவா விடமாட்டா." திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பக்கத்தில் சாக்குக் கட்டோடு நின்றவரைப் பார்த்தார். தேங்காய் பட்ட காயம் அவர் நெற்றியில் கறுத்திருந்தது. "எடேய், நீயெல்லே காது காதெண்டு கத்தினனி. இப்ப என்ன சொல்லுறாய்?"

அவர் என்னைப் பார்த்தார்.

கிளினிக் அட்டை என் சேட்டுப் பையில் இருந்தது. திறப்பு கையில் இருந்தது. நான் முதலாளியைப் பார்த்து, "ஓம் அண்ணை," என்றேன். ஏறி உட்கார்ந்து மெசினை எடுத்தேன்.

முதல் சுற்று. நாலு மூலை. நாலிலும் தூசு மூடியது, நாலிலும் கண்ணை மூடித் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் திறந்தபோது பயிருக்கு நேரே நின்றேன். காது நன்றாக வேலை செய்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. தூசுக்குள் இருந்தும் சாக்குக்காரர் பார்த்த பார்வை போகவில்லை. வாயில் அந்தக் கோயில் வீதிக் களியின் உருசி இருந்தது.

சுற்று முடிந்து வரம்படிக்கு வந்ததும் மெசினை நிறுத்தி இறங்கினேன்.

"என்ன, திரும்பச் சுத்துதோ?" என்றார் முதலாளி.

"இல்லை. அண்ணை, இது அம்மாள் மாத்தினதில்லை. காதுதான். இவர் சொன்னதுதான் சரி. இவர் சொல்லித்தான் நான் கிளினிக்குக்குப் போனனான்." அட்டையை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. திறப்பைத் திருப்பிக் கேட்பார் என்று திறப்பிருந்த மற்றக் கையை விரித்தே வைத்திருந்தேன். அவர் வெட்டாமல் நின்ற நெல்லைப் பார்த்தார். றோட்டில் வெளியூர் வெட்டு மெசின் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதையும் பார்த்தார். நாங்கள் பிந்தினால் வயல்காரர் அதைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"காதோ மூக்கோ," என்றார். "ஏறு. வெயில் ஏறுது."

அம்மாள்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவுதான். வெட்டாத நெல் நின்றதால் எனக்குத் திறப்பு மிஞ்சியது.

சாக்குக்காரர் தலையைக் குனிந்து சாக்கின் வாயை விரித்தார். "விடுங்கண்ணே. வண்டிய எடுங்க. நெல்லு நெறஞ்சிருக்கு, கொட்டணும்."

அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொட்டினேன். அவர் பிடித்தார்.

செருப்புகளில் எடுத்த சத்தியை மனைவி சோடி சோடியாகக் கழுவி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது போய்விட்டது. அந்த முதல் சுற்று போகவில்லை. நாலு மூலையிலும் சரியாகத் திரும்பி, வாயை மூடிக்கொண்டு, திறப்போடு இருந்தேனே, அந்த ஒரு சுற்று.